முதியோர் இல்லச் சமையலறையில் ஃப்ரிட்ஜ்: ஆறவைப்பது முதல் மறுபடி சுடவைப்பது வரை முழுமையான வழிகாட்டி

30 முதல் 60 பேர் வரை தங்கும் முதியோர் இல்லம், படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லம் ஆகியவற்றின் சமையலறைக்காக எழுதியது இது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து இல்லங்களில் அன்றாடம் சமைக்கும் உணவுகளையும், அங்கு இருக்கும் ஃப்ரிட்ஜ் வகைகளையும் வைத்தே சொல்லியிருக்கிறோம்.

ஒன்றை முதலில் மனதில் நிறுத்த வேண்டும். ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லாது. வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க இறக்கிய அண்டாவை ஆறவைக்கும் வலுவும் அதற்குக் கிடையாது. உணவு கெடுவது பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்குள் போகும் முன் சமையல் மேடையில் கிடந்த நேரத்திலும், வெளியே எடுத்தபின் பந்தியில் கிடந்த நேரத்திலும்தான். அதனால் ஆறவைக்கும் பகுதி இங்கே நீளமாக இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும். சித்திரை வைகாசியில் கரூர், ஈரோடு பக்கம் சமையலறைக் காற்றே 38, 40 டிகிரியில் இருக்கும். கிருமிக்கு அதைவிட வசதியான சூடு வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. பலருக்குச் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருக்கும். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களை மருத்துவமனையில் சேர்த்துவிடும். “எங்க வீட்டுல இப்படித்தானுங்க வைப்போம், ஒண்ணும் ஆனதில்லை” என்ற கணக்கு இங்கே செல்லாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உணவுக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 2 வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று. ஒவ்வொரு ஃப்ரிட்ஜுக்கும் ப்ரீசருக்கும் உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் தனித்தனியாக ஒன்று.

அகலமான, ஆழம் குறைந்த எவர்சில்வர் தட்டுகள் 8 முதல் 10 வரை. மூடியோடு கூடிய 2 லிட்டர், 3 லிட்டர் டப்பாக்கள். 5 லிட்டர் போசிகள் (பாத்திரங்கள்) இரண்டு உள்ளே இறங்கும் அளவுக்கு ஒரு பெரிய தொட்டி அல்லது அலுமினியக் குண்டா.

மாஸ்கிங் டேப், தண்ணீரில் அழியாத மார்க்கர், கோடு போட்ட ஒரு நோட்டு. நோட்டைக் கயிறு கட்டி ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அலுவலக அறையில் இருக்கும் நோட்டில் யாரும் உடனே எழுத மாட்டார்கள்.

ஐஸ். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ப்ரீசரில் தினமும் 5 கிலோ ஐஸ் தயாராக இருக்க வேண்டும். குடிநீரிலேயே உறைய வையுங்கள். மீன் கடை ஐஸ் சமையலறைக்குள் வரவே கூடாது.

இவற்றோடு பொறுப்புக்கு ஒரு பெயர் வேண்டும். காலை ஒருவர், இரவு ஒருவர் என்று எழுதி ஒட்டுங்கள். “எல்லாரும் பாத்துக்குவாங்க” என்று விட்ட ஃப்ரிட்ஜை யாரும் பார்ப்பதில்லை.

2. ஃப்ரிட்ஜை இடம் பார்த்து வைத்தல்

அடுப்புக்கும் கிரைண்டருக்கும் தள்ளி, மேற்கு வெயில் சுவரில் படாத இடத்தில் வையுங்கள். பின்புறமும் பக்கங்களிலும் சுமார் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளித்தான் ஃப்ரிட்ஜ் குளிர்கிறது. தள்ள இடம் இல்லாவிட்டால் மோட்டார் நிற்காமல் ஓடும், குளிர் மட்டும் ஏறாது.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சிக்கிக்கொண்டு வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரைச் சுடுநீரில் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வழுக்கினால் மாற்றிவிடுங்கள். நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும். கீல் பக்கத்து மூலை தான் முதலில் தளரும்.

நன்கொடையாக வரும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைகளில் குளிர்பானம் வைக்கும் அந்த வகை, பெரும்பாலும் ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலைக் குளிர்ச்சியாக வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. அதில் பால் பாக்கெட், தயிர், காய்கறி வைக்கலாம். சமைத்த உணவைக் குளிரவைக்க அதை நம்பாதீர்கள்.

இன்சுலின் இந்த ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறைந்துவிட்டால் பயன்படாது. நிமிடத்துக்கொரு தடவை கதவைத் திறக்கும் சமையலறை ஃப்ரிட்ஜ் அதற்கு இடமல்ல. மருந்துக்கென்று செவிலியர் அறையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. தெர்மாமீட்டரைச் சரிபார்த்து, பிறகு அளத்தல்

புதிய தெர்மாமீட்டரும் பொய் சொல்லும். அதனால் வாரம் ஒரு முறை சரிபாருங்கள். ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 2 நிமிடம் கழித்துக் குத்திப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 1 டிகிரிக்கு மேல் முன்பின் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கொதிநீரில் 100 காட்டவில்லை என்று நல்ல தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. கோவை கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 98.5 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் ஐஸ் சோதனையே நம்பகமானது.

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குமிழில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான வகைகளில் எண் கூடினால் குளிர் கூடும். மார்கழியில் 3-ல் வைத்தது சித்திரையில் போதாது. உள்ளே 2 முதல் 4 டிகிரி வரும்படி திருப்பி வையுங்கள். எந்த நேரத்திலும் 5-ஐத் தாண்டக் கூடாது. ப்ரீசர் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே.

தெர்மாமீட்டரை எங்கே வைப்பது? உள்ளே இருப்பதிலேயே சூடான இடத்தில். முதல் நாள் மேல் தட்டு, நடுத்தட்டு, கதவோரம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, அதிகம் காட்டும் இடத்தையே நிரந்தர இடமாக்குங்கள். குளிர்காற்று வரும் துளைக்கு எதிரே வைத்தால் எப்போதும் நல்ல எண்ணாகத்தான் காட்டும்.

ஒரு நாளைக்கு 3 முறை எழுதுங்கள்: விடியற்காலை முதல் தடவை திறக்கும்போது, மதியம் 2 மணிக்கு, இரவு பூட்டும் முன். விடிகாலை எண், இரவு முழுக்க ஃப்ரிட்ஜ் எப்படி ஓடியது என்று சொல்லும். மதிய எண், வேலை நேரத்தில் அது தாக்குப்பிடிக்கிறதா என்று சொல்லும். மாதம் முழுவதும் 4, 4, 4 என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருக்கும் நோட்டைக் கண்டால் மேற்பார்வையாளர் சந்தேகப்பட வேண்டும். உண்மையான நோட்டில் 3.2-ம் இருக்கும், 5.6-ம் இருக்கும். 5.6-க்குப் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கும்.

5-க்கு மேல் காட்டினால் உடனே உணவைக் கொட்ட வேண்டாம். கதவை அரை மணி நேரம் திறக்காமல் வைத்துவிட்டு உணவையே குத்திப் பாருங்கள். காற்றின் சூடு சட்டென்று ஏறி இறங்கும். உணவின் சூடு மெதுவாகத்தான் ஏறும். உணவே 5-க்கு மேல் போயிருந்தால், எத்தனை நேரமாக என்று தெரிய வேண்டும். 2 மணி நேரத்துக்குள் என்றால் நன்றாகக் குளிரும் வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றலாம். அதற்கு மேல் ஆகியிருந்தாலும், எவ்வளவு நேரம் என்றே தெரியாவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

4. தட்டுகளில் அடுக்கும் வரிசை

மேலே இருப்பது கீழே சொட்டும் என்பதை வைத்தே இந்த வரிசை.

மேல் தட்டில் சமைத்தது, அப்படியே சாப்பிடுவது: குழம்பு, கூட்டு, தயிர், காய்ச்சிய பால். அடுத்த தட்டில் இட்லி மாவு, மூடிய டப்பாவில் தேங்காய்ப்பால், பனீர். அதற்குக் கீழே கழுவாத காய், கீரை. முட்டை அதன் அட்டையோடு கீழ்த்தட்டில். எல்லாவற்றுக்கும் அடியில், விளிம்பு உயர்ந்த தட்டத்துக்குள் கறி, கோழி, மீன்.

கறி சமைக்கும் இல்லத்தில் இரண்டு ஃப்ரிட்ஜ் இருந்தால் பச்சைக் கறிக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களின் மனதுக்கும் அது மரியாதை.

கதவில் பால் வைக்க வேண்டாம். கதவு தான் அடிக்கடி சூடாகும் இடம். ஊறுகாய், சாஸ் போதும். ஆவின் பாக்கெட்டுகளை ஒரு தட்டத்தில் அடுக்கி உள்ளே தள்ளுங்கள். பாக்கெட்டின் வெளிப்பக்கம் வண்டியிலும் திண்ணையிலும் கிடந்தது. கழுவித் துடைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

தட்டில் முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள். காற்று சுற்றி வந்தால்தான் குளிர் பரவும். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பூசணி இவற்றுக்கு ஃப்ரிட்ஜ் தேவையே இல்லை. உழவர் சந்தையிலிருந்து வந்த மூட்டையை அப்படியே உள்ளே திணிப்பதால்தான் பாதி இல்லங்களில் ஃப்ரிட்ஜ் 9, 10 டிகிரியில் ஓடுகிறது.

5. ஆறவைத்தல்: கெடுவதும் காப்பாற்றுவதும் இங்கேதான்

“நல்லா ஆறுன பிறகுதான் ஃப்ரிட்ஜுல வைக்கணும்.” எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுத்த பாடம். பாதி சரி. சூடாக உள்ளே வைத்தால் பக்கத்தில் உள்ள பாலும் தயிரும் சூடாகும் என்பது உண்மை. ஆனால் 35 டிகிரி அறையில் நாள் முழுக்க வைத்தாலும் சாம்பார் 35-க்குக் கீழே இறங்காது. 12 மணிக்கு இறக்கிய அண்டாவின் நடுப்பகுதி மாலை 5 மணிக்கும் 45 டிகிரியில் இருக்கும். ஆகவே தானாக ஆறும் என்று காத்திருக்காமல் நாம் ஆறவைக்க வேண்டும்.

இலக்கு இதுதான்: 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள். 21-லிருந்து 5 டிகிரிக்கு, ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, அடுத்த 4 மணி நேரத்துக்குள். முதல் 2 மணி நேரம் கண்டிப்பானது. கிருமி வேகமாகப் பெருகும் சூடு அதற்குள்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கொதித்த உணவிலும் சில கிருமிகளின் வித்துகள் சாகாமல் இருக்கும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ். பெரிய அண்டாவில் கெட்டியாகக் கிடக்கும் பருப்பு, கறிக்குழம்பின் நடுவில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். உணவு மெதுவாக ஆறினால் இந்த வித்துகள் முளைத்துப் பெருகும். பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் விடும் ஒரு நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. மணம், நிறம், ருசி எதிலும் மாற்றம் தெரியாது. முகர்ந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்பதற்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை.

செய்முறை:

முதலில் முடிவு. பந்தி முடிந்தபின் வாளியில் மிஞ்சியதை எடுத்து வைக்க வேண்டாம். கரண்டியும் கையும் பட்டது அது. இரவுக்கு வேண்டியதை, பந்திக்கு எடுத்துச் செல்லும் முன்பே அண்டாவிலிருந்து தனியாக எடுத்துவிடுங்கள். உடனே ஆறவைக்க ஆள் இல்லை என்றால் அடுப்பிலேயே 60-க்கு மேல் சூடாக வைத்திருங்கள்.

பிரித்தல். 20 லிட்டர் அண்டாவை ஆறவைக்க முயல வேண்டாம். 5 லிட்டருக்கு மேற்படாத போசிகளில் ஊற்றுங்கள். அரிசிம்பருப்புச் சாதம், சோறு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப் பருப்பு போன்ற கெட்டியானவற்றை அகலத் தட்டில் 2 அங்குல உயரத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். ரசம், சாம்பார் போன்ற நீர்த்தவை 3 அங்குலம் வரை இருக்கலாம். உயரம் இரட்டிப்பானால் ஆறும் நேரம் இரட்டிப்புக்கு மேலே போகும்.

முதல் குளியல். போசியைத் தொட்டித் தண்ணீரில் முக்கால் உயரம் இறக்கிக் கிளறுங்கள். தண்ணீர் சூடாகிவிட்டால் மாற்றுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாமல் இருக்கும். அதைத் திறந்துவிட்டுப் பயனில்லை. கீழ்த்தொட்டியிலிருந்தோ போர் மோட்டாரிலிருந்தோ பிடியுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, உணவுக்குள் தெறிக்கக் கூடாது.

ஐஸ் குளியல். உணவு 40 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போடுங்கள். வெறும் ஐஸ் போசியைச் சரியாகத் தொடாது. தண்ணீரோடு கலந்தால்தான் சுற்றிலும் பிடிக்கும். மொத்தம் 10 லிட்டர் சாம்பாரை 40-லிருந்து 20-க்கு இறக்கக் கணக்குப்படி இரண்டரைக் கிலோ ஐஸ் போதும். சுற்றிலும் வீணாகும் குளிரைச் சேர்த்து 4 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போதே ஐஸில் வைத்தால் இதைப் போல் பல மடங்கு தேவைப்படும். அதற்காகத்தான் முதலில் சாதாரணத் தண்ணீர்.

கிளறுதல். 10 நிமிடத்துக்கு ஒரு முறை, கொதிநீரில் முக்கி எடுத்த கரண்டியால், அடியிலிருந்து மேலாக. ஓரம் குளிர்ந்து நடுவில் சூடு அப்படியே நிற்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. அளக்கும்போதும் நடுவில் குத்தி அளந்து எழுதுங்கள்.

மூடுதல். ஆறும்போது வலைமூடியோ சுத்தமான துணியோ போதும். இறுக மூடினால் சூடும் நீராவியும் உள்ளேயே தங்கும். 5 டிகிரிக்கு வந்த பிறகு இறுக மூடலாம்.

ஐஸ் இல்லாத நாளில் என்ன செய்வது? 2 அங்குலத் தட்டுகளில் பரப்பி, தண்ணீர்க் குளியலில் 40-க்குக் கொண்டுவந்து, முன்பே காலி செய்து வைத்த மேல் தட்டில், தட்டுக்குத் தட்டு இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். 2 மணி நேரத்தில் 21-க்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு வேலையைப் பார்த்ததும் “அளவாகச் சமைத்துவிட்டால் என்ன?” என்று தோன்றும். அதுவே சரியான முடிவு. இன்று எத்தனை பேர், யாருக்குக் கஞ்சி, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று காலை 6 மணிக்கே கேட்டு எழுதிவிட்டு அரிசி அளந்து போடுங்கள்.

6. பெயர்ச்சீட்டு

டேப்பில் நான்கு விவரம்: என்ன உணவு, உள்ளே வைத்த தேதியும் நேரமும், எப்போது கொட்ட வேண்டும், வைத்தவர் பெயரின் முதலெழுத்து. “கொட்ட வேண்டிய நேரம்” என்பதை விடாதீர்கள். சமைத்த தேதி மட்டும் இருந்தால் இரவு ஆளும் காலை ஆளும் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

சீட்டை மூடியில் ஒட்டாமல் போசியின் உடம்பில் ஒட்டுங்கள். மூடிகள் கழுவும் இடத்திலேயே மாறிவிடும்.

சீட்டு இல்லாத பொருள் எதுவானாலும் அன்றே வெளியே. கேட்டுப் பார்த்து, நினைவுபடுத்தி, பேச்சை நம்பி உள்ளே விட்டால் சீட்டு எழுதும் பழக்கமே ஒரு வாரத்தில் போய்விடும். பழையது முன்வரிசை, புதியது பின்வரிசை.

7. எதை எவ்வளவு நேரம் வைக்கலாம்

வீட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் 3, 4 நாள் கணக்கை இங்கே எடுக்க வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி 4 டிகிரியிலும் மெதுவாக வளரும். வயதானவர்களுக்கு அது உயிராபத்து. அதனால் நாம் சொல்லும் கெடு எல்லாம் குறுகியது.

சோறு, அரிசிம்பருப்புச் சாதம்: 24 மணி நேரம். சாம்பார், கொள்ளு ரசம், செலவு ரசம், பருப்புக் கடைசல், கூட்டு, கோழிக்குழம்பு: 24 மணி நேரம், நன்றாக ஆறவைத்தது என்று நோட்டில் எண் இருந்தால் 48 வரை. காய்ச்சிய பால்: 24 மணி நேரம். உறைந்த தயிர்: 3 நாள். இட்லி மாவு: புளித்ததும் உள்ளே வைத்து 2 நாள். வேகவைத்த முட்டை ஓட்டோடு: மறுநாள் வரை. உரித்தது: அந்த வேளைக்கே. நறுக்கிய பப்பாளி, தர்பூசணி: அன்றே.

பச்சைக் கோழியும் கறியும் வாங்கிய மறுநாளுக்குள். மேட்டூர், பவானிசாகர் அணை மீன் வந்தால் அன்றே சமைத்துவிடுங்கள். உறைந்த கோழியை மேடையில் வைத்து இளக்காதீர்கள். முந்தின நாளே தட்டத்தில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள். 2 கிலோவுக்கு ஒரு முழு நாள் தேவைப்படும்.

வைக்கவே கூடாதவை: தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு, தாளித்த மோர்க்குழம்பு. பொள்ளாச்சித் தேங்காய் கையருகே கிடைக்கும் ஊரில் சட்னியை எடுத்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. வேளைக்கு வேளை அரையுங்கள். இடியாப்பம் போன்ற சந்தகையைக் கையால்தான் பிரிக்கிறோம், தேங்காய்ப்பாலையும் அதோடுதான் ஊற்றுகிறோம். அதனால் அதுவும் அந்தந்த வேளைக்கே.

பழைய சோறு கேட்கும் அப்பாருகளும் ஆத்தாக்களும் எல்லா இல்லத்திலும் உண்டு. ராத்திரி முழுக்க அறைச்சூட்டில் ஊறும் சோற்றை ஐம்பது பேருக்குப் பொறுப்பான சமையலறையில் தர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அன்று வடித்து உடனே ஆறவைத்த சோற்றில் குளிர்ந்த மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

8. வெளியிலிருந்து வரும் சாப்பாடு

இந்தப் பகுதியில் கண்டிப்பாக இருப்பது கடினம். பிறந்தநாள், திதி, கல்யாணநாள் என்று குடும்பங்கள் அன்போடு சாப்பாடு கொண்டுவருவார்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சியது இரவு 10 மணிக்கு வண்டியில் வந்து இறங்கும். யார் எப்போது சமைத்தார்கள், வண்டியில் எத்தனை நேரம் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

விதி மூன்று. வரும்போது சூடான உணவு 60-க்கு மேலே இருக்க வேண்டும், வாசலிலேயே குத்திப் பாருங்கள். வந்த உடனே பரிமாற வேண்டும். மிஞ்சினால் ஃப்ரிட்ஜுக்குப் போகக் கூடாது. மூன்றாவதைத்தான் மனம் வராமல் மீறுவார்கள். தெரியாத நேரத்தைச் சுமந்து வந்த உணவை ஃப்ரிட்ஜால் சரிசெய்ய முடியாது. மண்டபத்து மிச்சத்தை வாங்குவதே இல்லை என்று இல்லத்தின் விதியாகவே எழுதி வாசலில் வைத்துவிட்டால், இரவுக் காவலருக்கும் சங்கடம் இல்லை.

கொடுக்க விரும்புபவர்களிடம், “அரிசி, பருப்பு, எண்ணெயா கொடுத்தீங்கன்னா இங்கயே சமைச்சு உங்க பேர்ல போடறமுங்க” என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள்.

மகளோ மருமகளோ தூக்குப்போசியில் கொண்டுவரும் கறிக்குழம்புக்கும் இதே வழி: பெரியவர் அப்போதே சாப்பிடட்டும், மிச்சத்தைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். முறுக்கு, கச்சாயம், ஒப்புட்டு போன்றவற்றில் முறுக்கும் கச்சாயமும் வெளியே இருக்கலாம். ஒப்புட்டை மட்டும் பெயர் எழுதிய டப்பாவில் 24 மணி நேரம் வையுங்கள். சர்க்கரை நோயாளியா என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. மூக்குக் குழாய் உணவு

குழாய் வழியாக உண்பவர்களுக்கு அரைத்து வடிகட்டிய கஞ்சி, பால், சத்துமாவுக் கரைசல் ஆகியவை மிக எளிதில் கெடும். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் தங்கும் பிசிறும் ஒரு காரணம். பிளேடைக் கழற்றிக் கழுவி, கொதிநீர் ஊற்றி, காயவைத்த ஜாரில் மட்டும் அரையுங்கள்.

முடிந்தவரை வேளைக்கு வேளை தயாரியுங்கள். சேர்த்துத் தயாரித்தால், ஒரு வேளை அளவுள்ள சிறு டப்பாக்களில் உடனே பிரித்து, ஐஸில் குளிரவைத்து, பெயரோடும் நேரத்தோடும் மேல் தட்டில் தனித் தட்டத்தில் வையுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தை எல்லாம் கொட்டிவிடுங்கள். ஒரு வேளைக்குரியதை மட்டும் வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை நிறுத்திக் குளிரை மட்டும் போக்குங்கள். வெளியே எடுத்தது 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மீண்டும் உள்ளே வைக்கக் கூடாது.

10. மறுபடி சுடவைத்தல்

தேவையான அளவை மட்டும் எடுங்கள். ஒரு முறைதான் சுடவைக்கலாம். நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டு 2 நிமிடமாவது நிற்க வேண்டும். குழம்பு, ரசம் தளதளவென்று கொதிக்கட்டும். சோற்றை இட்லிக் கொப்பரையில் ஆவியில் வைத்து, நடுவில் பிளந்து குத்திப் பாருங்கள்.

மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்திருக்கும். பாதியில் எடுத்துக் கிளறி, முடிந்தபின் 2 நிமிடம் மூடி வைத்து அளக்க வேண்டும். ஹாட்பாக்ஸ் சூட்டைக் காக்கும் பாத்திரம், சூடேற்றும் பாத்திரமல்ல. குளிர்ந்த குழம்பை அதில் ஊற்றிவைத்தால் மெதுமெதுவாக 40 டிகிரிக்கு வந்து அங்கேயே நிற்கும்.

பெரியவர்களுக்கு வாய் பொறுக்கும் சூட்டில்தான் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் மிதமாகச் சுடவைப்பார்கள். தவறு. 75 வரை ஏற்றி, தட்டில் போட்ட பிறகு ஆறவைத்துக் கொடுங்கள்.

11. கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். முந்தின இரவே குமிழைக் கூட்டி வையுங்கள், ப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறையவையுங்கள், அன்றைக்கு எதையும் எடுத்து வைக்காத மாதிரிச் சமையல் திட்டம் போடுங்கள். விடிகாலையில் பாட்டில்களை ஃப்ரிட்ஜின் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டு, வேண்டியதை எல்லாம் 9 மணிக்கு முன் எடுத்துக்கொண்டு, கதவில் டேப் ஒட்டிவிடுங்கள்.

திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். நம் கோடையில் இதற்கும் குறைவாகவே எதிர்பாருங்கள். கரண்ட் வந்ததும் முதல் வேலை பால், குழம்பு, கறி ஆகியவற்றைக் குத்திப் பார்த்து எழுதுவது. கதவைத் திறந்ததும் ஜில்லென்று இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

ஜெனரேட்டர் இருந்தால் ஃப்ரிட்ஜ் லைன் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். லிஃப்ட்டும் விளக்கும் மட்டும் சேர்ந்திருக்கும் கட்டடங்கள் நிறைய. ஸ்டெபிலைசர், கரண்ட் வந்த பிறகு சில நிமிடம் தாமதித்து கம்ப்ரசரை ஓட்டும் வகையாக இருக்கட்டும்.

12. கழுவுதல்

சிந்தியதை உடனே துடைக்க வேண்டும். வாரம் ஒரு முறை, சரக்கு குறைவாக இருக்கும் நாளில், தட்டுகளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 4 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் இரண்டரை மில்லி கலந்து துடைத்து, காயவைத்து மாட்டுங்கள். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது, அதனால் சோப்பு முதலில். கதவு ரப்பரின் மடிப்பு, கைப்பிடி, தண்ணீர் வடியும் துளை மூன்றும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். ப்ரீசரில் பனி அரை செ.மீ. தடித்தால் அணைத்துவிட்டு இளகவிடுங்கள். கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகும்.

13. மாதிரி எடுத்து வைத்தல்

ஒவ்வொரு வேளையும் பரிமாறும் முன், ஒவ்வொரு உணவிலும் சுமார் 100 கிராம், கொதிநீரில் கழுவிய சிறு டப்பாவில் எடுத்து, தேதியும் வேளையும் எழுதி, 72 மணி நேரம் ஃப்ரிட்ஜில் தனித் தட்டத்தில் வையுங்கள். “சாப்பிடுவதற்கல்ல” என்று பெரிதாக எழுதுங்கள்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த மாதிரிகளைத் தொடாமல், கொட்டாமல் வையுங்கள். மிச்சமிருக்கும் உணவைப் பரிமாறுவதை நிறுத்துங்கள். மருத்துவரிடம் யார், எப்போது, என்ன சாப்பிட்டார்கள் என்று நோட்டோடு சொல்லுங்கள். சமையலறையில் வேலை செய்பவர் யாருக்காவது அன்று வயிறு சரியில்லையா, கையில் புண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்கும்போது கோபம் வேண்டாம். சம்பளம் பிடிப்பார்கள் என்று பயந்தால் அடுத்த முறை அவர் சொல்லாமல் மறைத்துவிடுவார். உடல்நலம் சரியாகும்வரை அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள்.